குருத்து

சூரிச்சில், பக்கத்து வீட்டுக் கிருபாகரன் ஊருக்குப் போகும்போது, இறந்துபோன மனைவி முற்றத்தில் நட்ட சீனப் பனையைத் தவமலரிடம் ஒப்படைத்தார்.

"குளிர் கூடினா சாக்கால மூடிவிடுங்கோ அக்கா."

மூடித்தான் வந்தாள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போன நாளில் மட்டும் மறந்துபோனாள். அன்றைக்கென்று பனி கொட்டித் தீர்த்தது. உருகியபின் நடுக்குருத்தைத் தொட்டுப் பார்த்தாள். அடி அழுகி, கையோடு வந்துவிட்டது. பதறிப்போய், அதை இருந்த குழியிலேயே செருகி வைத்தாள்.

திரும்பி வந்த கிருபாகரன் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"நீங்கள் இல்லாட்டி இது பட்டுப்போயிருக்கும் அக்கா."

அவர் ஆசையோடு குருத்தைத் தடவக் கையை நீட்டினார்.

"ஐயோ, தொடாதேங்கோ!" என்றாள்.