சம்பங்கி சொல்லாத வார்த்தை

"மூணு நாளா இதையேதான் கேக்குறீங்க மேடம், நானும் இதையேதான் சொல்றேன். அவன் ஒரு வார்த்த சொன்னான். அது தப்பான வார்த்த. அவ்ளோதான்."

"அது என்ன வார்த்தைன்னு நீங்க சொன்னாதான்மா பதிவு பண்ண முடியும்" என்றாள் வாணி.

சம்பங்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மூடிப்போன தங்கச் சுரங்கங்களின் ஊரான கோரமண்டலில் ஒரு சமுதாயக் கூடத்தை விசாரணைக்காகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வாணி, பணியிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அரசு அதிகாரி. பெங்களூரு அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். பக்கத்தில் லேப்டாப்போடு எழுத்தர் மனோகர்.

பங்காருபேட்டைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியின் கேன்டீனில் நாலு வருடம் சமைத்தவள் சம்பங்கி. புதிதாக வந்த மேனேஜர், அவள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைனில் இருக்கிறாள் என்று கேட்டு, அதை வைத்தே சாதியைத் தெரிந்துகொண்டார். மறுநாளே கக்கூஸ் கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டவளிடம், சாதியைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. கம்பெனியோ, வழக்கமான வேலை மாற்றம்தான் என்கிறது.

"இன்னைக்கோட விசாரணை முடியுது. அந்த வார்த்தை இல்லேன்னா புகார் நிக்காது. நீங்க திரும்ப கிச்சனுக்குப் போக முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம். முந்நூறு பேருக்கு ஒத்த ஆளா பிஸிபேளாபாத் ஆக்குனவ நானு. இப்ப போடுறது சோறா களியான்னே தெரியலன்னு பொண்ணுங்க போன் பண்ணி அழுவுதுங்க."

மனோகர் சிரித்தார். "அப்ப வாயைத் திறங்கம்மா. எனக்கு ட்ரெயின் போயிடும்."

"போங்க சார். உங்கள யாரு கட்டிப் போட்டாங்க?"

திடீரென்று ஆடிக் காற்று வீசியது. ஜன்னல் கதவு படாரென்று சுவரில் மோதியது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு சுரங்கக்காரர்கள் கொட்டிவைத்த சைனைடு மேடு எதிரிலேயே இருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத் தூசி கிளம்பி உள்ளே வந்தது. வாணி புகாரைப் புரட்டியபடியே டீ டம்ளரை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மனோகர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தூ, ஒரே மண்ணு!" என்று முகத்தைச் சுளித்தார்.

"உங்களுக்கு எந்த ஊரு மேடம்?" என்று கேட்டாள் சம்பங்கி.

"பெங்களூரு" என்றாள் வாணி, நிமிராமல். "மனோகர் சார், கொஞ்சம் வெளியே இருங்க."

அவர் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளை முன்னாடி சொல்லக் கூச்சமா? இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்."

சம்பங்கியின் உதடு அசைந்தது. வாணியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

வாணி ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினாள். "சரி, எழுதிக் குடுங்க."

சம்பங்கி தாளைத் திருப்பித் தள்ளினாள். "எழுதுனாலும் நீங்கதானே படிக்கணும்?"

"மேனேஜர் மிரட்டினாரா?"

"என்னையா? எங்கப்பா சொரங்கத்துல கேஜ்ல எறங்கி அம்பதாவது லெவல்ல கல்லு ஒடச்சவரு. நான் அவனுக்கா பயப்படப் போறேன்?"

"பின்ன என்னதான் காரணம்?" வாணி வலது கையால் புகாரைத் தட்டினாள். "இந்தப் புகாரை மூடிடக் கூடாதுன்னுதான் மூணு நாளா மல்லுக்கட்டுறேன். நீங்களே மூட வைக்கிறீங்களேம்மா."

சம்பங்கி மேஜைமேல் எட்டி, டம்ளரை மூடியிருந்த வாணியின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"காத்து நின்னு எவ்ளோ நேரம் ஆச்சு. இன்னும் கைய எடுக்கல பாரு."

வாணி தன் கையைப் பார்த்தாள்.

"மொத நாளே பாத்துட்டேன் கண்ணு. பெங்களூருக்காரங்க டம்ளர மூட மாட்டாங்க, அந்த சார் மாதிரி மண்ணைக் குடிச்சிட்டுத் துப்புவாங்க. காத்து சத்தம் கேட்டதும் கை தன்னால மூடுதுன்னா, அது இந்த மேட்டடி லைன்ல வளந்த கை." சம்பங்கி அவள் பக்கம் குனிந்தாள். "அவன் சொன்ன வார்த்த எனக்கு மட்டுமா? உனக்கும் சேத்துத்தான். எங்கூட்டுப் பொண்ணு மாதிரி எதுர்ல உக்காந்திருக்க. உன் மூஞ்சப் பாத்து நான் எப்டி அத சொல்லுவேன்?"

வெளியே ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. மனோகர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என் ட்ரெயின் போயிடுச்சு மேடம். சொன்னாங்களா, இல்லையா?"

"உக்காருங்க சார். முதல்ல ஒரு வரி சேருங்க. விசாரணை அதிகாரியோட சொந்த ஊர், இங்க பக்கத்துல இருக்குற மாரிகுப்பம்."

"மாரிகுப்பமா? ஆபீஸ்ல பெங்களூருன்னு..."

வாணி சம்பங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாகப் பேசிய பெங்களூருத் தமிழ் அவள் குரலில் இப்போது இல்லை.

"சொல்லுக்கா. எங்கப்பாவ சொரங்கத்துல சூப்பர்வைசருங்க கூப்ட்ட பேருதான் அது. எனக்கு இன்னா புதுசா?"