இரண்டு டிகிரி

கிணற்றை ஒட்டி அந்த எல்லைக்கல் இன்னும் நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவளே நட்டுவைத்தது.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான சர்வேயர். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ரோட்டோர மூலைக்கல்லில் கோணம் பிடித்து, அங்கிருந்து நானூறு அடிக்கு நேர்கோடு ஓட்டினாள். கோடு வந்து முடிந்தபோது கிணறு தம்பி பக்கம் போயிருந்தது.

"கோணம் தப்புங்க அம்மிணி. இன்னொருக்கா புடிச்சுப் பாருங்க" என்றார் அண்ணன் சென்னியப்பன்.

"கருவி பொய் சொல்லாதுங்க."

அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தண்ணீரில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு சென்னியப்பன் இரண்டு கோடை தாக்குப்பிடித்தார். பிறகு மாடுகளை விற்றுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

போன வாரம் பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் கண்ணில் பட்டது. எண்பத்தெட்டு டிகிரி பிடிக்க வேண்டிய இடத்தில் எண்பத்தாறு பிடித்திருக்கிறாள்.

மூலைக்கல்லில் அது விரல் நுழையாத சந்து.

கிணற்றுக்கு வரும்போது பதினாலு அடி விலகல்.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தம்பி நாச்சிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் திடுக்கிடவில்லை.

"தெரியுமுங்க. நீங்க அளந்துட்டுப் போன மறுநாளே கயிறு கட்டி அளந்து பாத்துட்டேன்."



"அண்ணன்கிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே இருந்தேனுங்க. ஒம்பது வருசம் ஓடிப்போச்சு."

பேச்சு வார்த்தை நின்றுபோன உறவு. அண்ணனுடைய நம்பர்கூட அவரிடம் இல்லை. பாகப்பிரிவினைக்குக் கொடுத்த பழைய மனுவில் இருந்தது. அவளே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

தன் தப்பை மட்டும் சொன்னாள்.

சென்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கெணறு அவங்கிட்டயே இருக்கட்டுங்க. இந்த வயசுல நான் வந்து என்னத்த வெதைக்கப்போறேன்."

மெஷின் சத்தம் தேய்ந்தது; அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மிணி. அவனுக்கு இது தெரியுமா?"

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு, போனைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.