தலை வார ஆள்

கை தோள்வரை போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

சீப்பை மேசைமேல் வைத்தாள்.

மூன்றாவது நாள். மார்பைச் சுற்றி இறுக்கமான பட்டை. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை.

குனிந்து பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையாவது முறையோ.

இருந்தன.

எல்லாவற்றையும் மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். புது மார்பு முதலில் உயரமாகவும் விறைப்பாகவும் நிற்கும், பயப்பட வேண்டாம். இறங்கி இடத்தில் அமர மூன்று மாதமாவது ஆகும். சில இடங்களில் தொட்டால் தெரியாது. உணர்வு மெல்லத் திரும்பும். சிலருக்குத் திரும்பாமலும் போகும். மல்லாந்துதான் படுக்க வேண்டும். தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாளைக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது.

நர்ஸ் எலிசா கடைசியாக ஒன்று கேட்டார். இவ்வளவு முடி வைத்திருக்கிறாயே, வாரிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு அப்போது எதுவும் தெரியாது.

மாரீஸ்வரி அக்கா சாத்தூரில் இருக்கிறாள். பார்த்து ஒன்பது வருடம். மகன் என்றும் தம்பி என்றும் கூப்பிட்ட வீட்டிலிருந்து இவள் பையோடு இறங்கிய அன்று அப்பா கத்தினார். அம்மா அழுதாள். அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். போ என்றும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

போ என்று சொல்லாததை இவள் ஒன்பது வருடமாக வைத்திருந்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். என்ன ஆபரேஷன் என்பதை ஒளிக்கவில்லை. பத்து நாளைக்குக் கை தூக்க முடியாது, தலை வார ஆள் வேண்டும் என்றாள். இறங்க வேண்டிய பஸ் நிறுத்தத்தையும் வீட்டு எண்ணையும் இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை.

கூட இருந்தது மந்த்ரா. அவளும் திருநங்கைதான். இதே ஆபரேஷனைப் போன வருடம் செய்துகொண்டவள். கஞ்சி காய்ச்சினாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். அவள் சீப்பை எடுத்தால் மட்டும் இவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாளில் இடுப்புவரை ஒரே சிக்கு.

"ஒம்போது வருஷமா வராத அக்கா, உனக்குச் சிக்கெடுக்கத்தான் பஸ் ஏறி வர்றாளாக்கும். காட்டுடி தலைய."

இவள் காட்டவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

மந்த்ரா பால் வாங்கப் போனாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். மந்த்ரா அவ்வளவு மெதுவாகக் கழற்ற மாட்டாள்.

அக்கா கொஞ்சம் பெருத்திருந்தாள். காதோரம் நரை. கையில் காராச்சேவுப் பொட்டலம். கட்டிலில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பழைய பெயரும் இல்லை, புதிய பெயரும் இல்லை. வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருப்பாள் என்று இவளுக்குத் தோன்றியது.

அக்கா பொட்டலத்தை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இழுப்பு தலைக்கு ஏறாதபடி. இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இது போதும். இதற்குமேல் கேட்கக் கூடாது.

சிக்கு தீர்ந்தது. அக்கா முன்னால் வந்து நின்றாள். இடது கையால் இவள் மோவாயைப் பிடித்தாள். சீப்பு நெற்றிக்குப் போனது. இடப்பக்கம் ஒரே கோடு. இருபுறமும் படிய வாரினாள்.

பக்க வகிடு.

பள்ளிக்கூடம் கிளம்பும் தம்பிக்குத் தினமும் எடுத்த வகிடு. கை தானாகப் போயிருந்தது.

இவள் கண்ணைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா சீப்பை வைத்துவிடக்கூடும்.

மோவாய் இன்னும் அக்காவின் பிடியில் இருந்தது. பிடி இறுகியது. பிறகு தளர்ந்தது.

அக்காவின் உள்ளங்கை இவள் உச்சியில் விழுந்தது. முன்னும் பின்னும் தேய்த்து, எடுத்த வகிட்டைக் கலைத்தது.

சீப்பின் நுனி மூக்குக்கு நேராக வந்து நின்றது. நெற்றியிலிருந்து உச்சிவரை மெல்ல நகர்ந்தது. அக்கா தலையைச் சாய்த்து, கோணலா என்று பார்த்தாள். ஓரிடத்தில் விரலால் சரிசெய்தாள்.

கட்டிலில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள். கூந்தலை இரண்டு கையாலும் அள்ளினாள். உடனே பின்னத் தொடங்கவில்லை. அப்படியே ஏந்திக்கொண்டிருந்தாள்.

"ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா?"

முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக இவளிடம் ஒருவர் அதைக் கேட்கிறார்.



"ரெட்ட" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. சீப்பின் நுனி உச்சியிலிருந்து பிடரிக்கு நேராக இறங்கியது.