பியூலாவின் சாட்சி

பியூலா மைக்கைக் கையில் வாங்கியதுமே குணசீலன் மனைவிக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு ஆராதனை. சாட்சி சொல்லும் நேரம்.

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மில் மூடிய பிறகு வீட்டுக்காரர் எட்டு மாதம் சும்மா இருந்ததைப் பியூலா சொன்னாள். போன வியாழக்கிழமை மஸ்கட்டிலிருந்து விசா வந்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

சபை ஸ்தோத்திரம் சொன்னது.

குணசீலன் மனைவியின் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அதே மில். அதே எட்டு மாதம்.

அவள் கணவர் குணசீலன் அங்கே சூப்பர்வைசர். பியூலாவின் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடந்தது அவள் வீட்டு ஹாலில்தான். பாய் விரித்தது அவள். முடிந்ததும் எல்லோருக்கும் காபி போட்டது அவள். பியூலாவின் தலையில் கை வைத்து, இந்தக் குடும்பத்துக்கு ஒரு கதவைத் திறவும் ஆண்டவரே என்று கண்ணீரோடு கேட்டதும் அவள்.

திறந்துவிட்டார்.

பியூலா வீட்டுக் கதவை மட்டும்.

தன் வீட்டுக் கஷ்டத்தை அவள் ஒரு வெள்ளிக்கிழமைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. குணசீலனுக்குக் கோயம்புத்தூரில் வேலை பேசியிருக்கிறது என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கையில் கிடந்த வளையல் கவரிங் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மனதுக்குள் கேட்டால் ஆண்டவருக்குக் கேட்காதா?

தனக்காக அதிகம் ஜெபித்தது அந்த அக்காதான் என்று பியூலா அவளைக் கைகாட்டினாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் சிரித்தாள். கன்னம் வலிக்கும்வரை சிரித்தாள்.

அன்று நற்கருணை. யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வரும்படி போதகர் சொன்னார். மாதாமாதம் சொல்வதுதான். அவள் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அவள் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

அவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

எழவில்லை.

பீடத்தின் முன் முழங்கால் போட்டிருந்த வரிசையில் பியூலாவின் முதுகு தெரிந்தது. புதுச் சேலை. கத்தரிப்பூ நிறம். அது என்ன விலை இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. ஆண்டவருடைய பந்திக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவள் சேலைக்கு விலை போடுகிறோமே என்று அவளுக்கே கூசியது.

ஆனாலும் விலை போட்டு முடித்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியேறினாள். காம்பவுண்டு கேட்டுக்கு முன் பியூலா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அவள் நற்கருணைக்கு வராததைக் கவனித்திருக்கிறாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

தலைவலி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"எனக்கு உன் மேல பொறாமையா இருக்கு பியூலா."

சொல்லிவிட்டாள்.

பியூலா வேதாகமத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"எனக்கு மட்டும் இல்லாமலா இருந்திச்சு? உங்க ஹால்ல உக்காந்து கண்ண மூடுனா, உங்க ஃபிரிட்ஜுதான்க்கா கண்ணுக்குள்ள நிக்கும்."

இருவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அங்கேயே, சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோயம்புத்தூர் வேலை பொய் என்றாள். வாடகை மூன்று மாதம் நிற்கிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை. குணசீலன் முகச்சவரம் செய்வதையும், வாசல் தாண்டுவதையும் நிறுத்திவிட்டார்.

ஜெபிக்கிறேன் என்று பியூலா சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

பியூலா பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். மாதக் கடைசியில் நின்றுவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். சபைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அந்த விடுதிப் பிள்ளைகள்தான். சூப்பர்வைசர் பெண்டாட்டி கரண்டி பிடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

"நீ நின்னபெறவு அந்த எடத்துக்கு ஆள் பாத்தாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"வார்டன்கிட்ட என்னையச் சொல்லுதியா?"

பியூலா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, வேறொன்றும் கேட்காமல் வார்டன் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவளும் கூடவே நடந்தாள்.

பொறாமை போய்விடவில்லை. அந்தக் கத்தரிப்பூச் சேலைக்குப் பின்னால் நடக்கும்போதும் இருந்தது.

ஒன்றாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். எங்கே போகிறாள் என்பது குணசீலனுக்கு முந்தின நாளே தெரியும். அப்போது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவர்.

இப்போது எழுந்து சட்டையை மாட்டினார்.

"இருட்டா கெடக்கு. நானும் வாரேன்."

விடுதி வாசலில் காவலாளி டார்ச்சை அடித்து யார் என்று கேட்டார். அவள் சொல்லுமுன் குணசீலன் சொன்னார், தன் மனைவி என்றும் இங்கே சமையலுக்குச் சேர்ந்திருக்கிறாள் என்றும்.

அவள் உள்ளே போனாள்.

சமையற்கட்டு ஜன்னலிலிருந்து வாசல் தெரிந்தது.

அவர் இன்னும் போகவில்லை. சவரம் செய்யாத தாடையைத் தடவியபடி, காவலாளியிடம் இங்கே வேறு வேலை ஏதும் இருக்கிறதா என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார்.