ஆறு மாதப் பத்தியம்

காலை பத்து இருபதுக்கு அவள் எடை பார்க்கும் அறைக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்தாள். பின்னாலேயே பையைச் சுமந்துகொண்டு கணவர் வந்தார்.

ஆறு மாதம் பத்தியம் இருந்தும் எடை குறையாவிட்டால்தான் வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் அனுமதி தரும். நடுவில் எடை பார்த்தால் மனம் தளர்ந்துவிடும் என்று உணவு ஆலோசகர் தடுத்திருந்தார். அவளுக்கோ கத்தி என்றாலே குலை நடுங்கும்.

"மேடம், அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போடுங்க. எனக்கு ஆபரேஷனே தேவையில்ல," என்றாள் ஆலோசகரிடம்.

"அவ்வளவு குறைஞ்சிட்டீங்களா?"

"முதல் வாரம் பட்டன் போட முடியாம அழுதேன். இப்போ பாருங்க, அதே சட்டைக்குள்ள இன்னொரு ஆள் குடித்தனம் நடத்தலாம். எல்லாச் சட்டையும் மாசத்துக்கு மாசம் லூசாகுது. முதல்ல கவனிச்சுச் சொன்னதே இவர்தான். இல்லீங்க?"

கணவர் சுவரில் இருந்த காய்கறிப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எடை இயந்திரத்தில் ஏறி நின்றாள். ஆலோசகர் எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாலு கிலோ கூடியிருக்கீங்க. கண்ணை மூடிக்கிட்டு அனுமதி கொடுத்துடுவாங்க."

அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். தையற்கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்த கணவர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை அவசரமாகச் சுருட்டிப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை எத்தனை தடவை பிரிச்சுத் தைச்சீங்க?"