மதுக்கூடத்துக்கு ஒரு நினைவுக்கல்

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் அந்த மதுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சுவரில் நினைவுக்கல்லைத் திறந்துவைத்த கவுன்சிலர் டெஸ்மண்ட் முழங்கினார்:

"என் தந்தையின் மாலைப்பொழுதுகள் மலர்ந்த இடம்! வளர்ச்சி விழுங்கிவிட்டது!"

முன்வரிசையில் அவருடைய அம்மா வினிஃப்ரெட் தேம்பித் தேம்பி அழுதாள். மகன் மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்தார்.

"என்னம்மா? இந்தக் கடையைக் கண்டாலே உனக்கு ஆகாதே!"

"வளர்ச்சியாவது மண்ணாவது! லைசென்ஸ் குடுக்காதீங்கன்னு தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி, மூடவெச்சதே நான்தான்டா."

"எதுக்கு?"

"உங்கப்பா சாயங்காலத்துல வீட்ல இருக்கட்டுமேன்னு."

"அதான் அன்னையிலேருந்து வீட்டைவிட்டு நகராம இருக்காரே! அப்புறம் ஏன் அழறே?"

அவள் அலுப்போடு மூக்கைச் சிந்தினாள்.

"அதுக்குத்தான்டா அழறேன். டீயில எவ்வளவு பால் ஊத்தணும்னு இன்னும் எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்காரு."