நீ மொதல்ல போ

"ஐயோ, என்ன அண்ணி இது! தாம்பரம் வரைக்கும் வந்துட்டு வாசல்ல உக்காந்து அடம் பிடிக்கிறீங்க?"

ஜெயஸ்ரீக்கு மண்டை காய்ந்தது. ஒரு வாரமாய் "அடிவயிறு வலிக்குதுடி" என்று முனகிய நாத்தனார் சாமுண்டீஸ்வரியை, ஆபீஸுக்கு லீவு போட்டு, பீர்க்கன்கரணையிலிருந்து ஆட்டோவில் இழுத்து வந்தால், அம்மணி ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு அசையவே மாட்டேன் என்கிறாள்.

"புருஷன் போய்ச் சேர்ந்தே பத்து வருஷமாச்சு. எனக்கு இன்னாத்துக்குடி கர்ப்பப்பை டெஸ்ட்டு?"

"எங்க ஆபீஸ்ல ஒரு டாக்டரம்மா வந்து படிச்சுப் படிச்சு சொன்னாங்க. தாம்பத்தியத்துல ஒட்டுற ஒரு வைரஸ் எப்பவோ கர்ப்பப்பை வாய்க்குள்ள வந்து வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்குமாம். நிறைய பேருக்குத் தானா போயிடும். போகாம தங்கி, கூடவே ஆறாத புண்ணும் சேர்ந்துகிட்டா, கொஞ்சம் கொஞ்சமா கேன்சர்ல கொண்டு விட்டுடுமாம். வெள்ளைப்படுது, வெறும் சூடுதான்னு அசால்ட்டா இருக்கக் கூடாது அண்ணி!"

இவ்வளவும் பேசிவிட்டு, பையிலிருந்த வெந்தயத் தண்ணியை மடக் மடக்கென்று குடித்தாள்.

"அது இன்னாத்துக்கு?"

"எனக்கு உடம்பு சூடு. பேச்சை மாத்தாதீங்க. எழுந்திருங்க!"

"நீ மொதல்ல போ. அப்பதான் நான் போவேன்."

"சின்னக் குழந்தையா நீங்க? கடவுளே!"

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் செத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் கூடவே வந்தார்.

"உள்ள நாள்பட்ட புண் இருக்கும்மா. ஒரு இடம் சந்தேகமா இருக்கு, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். பயப்படாதீங்க. எதுவா இருந்தாலும் ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, சரி பண்ணிடலாம்."

ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாவது உள்ள போங்க அண்ணி."

"இவங்களுக்கு எதுக்கு?" டாக்டரம்மா சிரித்தார். "போன மாசமே வந்து பார்த்தாங்களே! எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லித்தானே அனுப்புனேன்."

ஜெயஸ்ரீக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ வயித்து வலி? எதுக்கு அண்ணி இப்படி என் உயிரை வாங்குனீங்க?"

சாமுண்டீஸ்வரி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியாடி? வூட்டுல உன் துணியத் துவைக்கிறவ நான்தானே. தூரமாகாத நாள்லயும் ரத்தக்கறை படுதே, அதுவும் சூடா?"